வாசலோடு திரும்பிய செவ்வாய்க்கிழமை

என்னை வழியனுப்பிய அன்று மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். நான் “எல்லாருக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேச வராது. வீடு வீடாகப் போய் மனநல நோயாளிகளைப் பார்த்துவருவதுதான் என் வேலை என்றாலும், அந்தக் கூச்சம் கடைசிவரை போகவில்லை. முட்டி வலி வந்து வேலையைத்தான் விட்டேன்.

அன்று சாப்பிடும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார்.

“அண்ணா, ஃபார்ம்ல கடைசியா ஒரு கேள்வி இருக்குதே, ‘நோயாளியின் குரலை நேரில் கேட்டீர்களா’ன்னு. அது இன்னாத்துக்கு? ஊமையா இருந்தா இன்னா பண்றது?”

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அதற்குப் பதில் தெரிந்தவர்களில் இங்கே மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

சுனாமி வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் அப்போது நம் மருத்துவ மையம் ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. ஒரு நீளமான அறை, ஒரு திரைச்சீலை, இரண்டு பெஞ்சு. செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் சென்னையிலிருந்து ரயிலில் வருவார். நிரந்தரமாக இருந்தது நானும் சிஸ்டரும்தான். சிஸ்டரின் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அவருக்குப் பிடிக்காது. எனக்கு இந்த வேலையில் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான்.

அந்த வருஷம்தான் நாங்கள் குளோசபின் மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்திருந்தோம். மற்ற எந்த மாத்திரைக்கும் நோய் கட்டுப்படாதவர்களுக்கு மட்டும் கொடுப்பது. நல்ல மாத்திரை. வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் மனுஷர்களைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. எங்கேயோ ஒருவருக்கு, ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை அது இல்லாமலே ஆக்கிவிடும். வெள்ளை அணு இல்லாவிட்டால் கிருமியோடு சண்டை போட உடம்பில் ஆள் இல்லை. சாதாரணத் தொண்டைப் புண்ணே உயிரைக் கொண்டுபோய்விடும். அதனால் முதல் பதினெட்டு வாரம் வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ரத்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் அடுத்த வார மாத்திரை. இது சட்டம்.

மாத்திரை ஆரம்பித்த முதல் நாள் சிஸ்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

“மூணே கேள்விப்பா. ஜுரம் இருக்கா, தொண்டை வலிக்குதா, வாயில புண்ணு இருக்கா. எங்க பாத்தாலும் கேளு. பஸ் ஸ்டாண்டுல பாத்தாலும் கேளு. பொம்பளைங்கள ரெண்டு தபா கேளு.”

“ஏன் சிஸ்டர், பொம்பளைங்களுக்கு மட்டும் ரெண்டு தபா?”

“அவங்களுக்கு இந்த வெள்ளை அணு சரியிறது ஆம்பளைங்களவிட கொஞ்சம் அதிகமா வருதுன்னு பாத்திருக்காங்களாம். ஏன்னு முழுசா யாருக்கும் தெரியலயாம். டாக்டர் சொன்னாரு. அதுக்காக ஆம்பளைங்களுக்கு வராதுன்னு நெனச்சிக்காத.”

தலையாட்டினேன். சிஸ்டர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் செய்யவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆண்களைக் கேட்பது எனக்குச் சுலபம். ஏழுமலை என்று ஒருவர், முன்பு லாரி ஓட்டியவர், அந்த மாத்திரையில் இருந்தார். டீக்கடையில் பிடித்துவிடுவேன்.

“ஜுரம் கீதா ஏழுமல?”

“உனக்குக் கீதா?”

“தொண்ட வலிக்குதா?”

“பிரியாணி வாங்கிக் குடு. எறங்குதா இல்லியான்னு பாத்து சொல்றேன்.”

வாயைத் திறக்கச் சொன்னால் பீடி நாற்றத்தோடு என் மூக்கின் மேலேயே திறப்பார். நானும் பார்த்து, “தொண்டை லேசாகக் கரகரப்பு, பீடி” என்று நோட்டில் எழுதுவேன்.

பெண்கள் விஷயம் வேறு. வாசலில் நின்று கூப்பிட்டால் புருஷனோ மாமியாரோ வருவார்கள். “எப்டி இருக்காங்க?” என்பேன். “நல்லாக்கீறா” என்பார்கள். உள்ளே இருப்பவரைக் கூப்பிடச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்நிய ஆம்பளை நான். அவர்கள் வீட்டு மருமகளை வெளியே வரச் சொல்லி, வாயைத் திறந்து காட்டு என்பதா? “நலம்” என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்கிறோமே, அது போதும் என்றும் ஒரு நினைப்பு.

அமுதா அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தார். புதுவாயலுக்குப் பக்கத்தில், தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் காலனி. அப்போது முப்பது வயது இருக்கும். புருஷன் பாபு இரும்பு உருக்காலையில் வேலை. கூட மாமியார். அமுதாவுக்கு ஆறு வருஷமாகக் காதில் குரல்கள். தெருவில் போகிறவர்கள், ரேடியோவில் பேசுகிறவர்கள், எல்லாரும் தன்னைத் திட்டுவதாகக் கேட்கும். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

இதற்கு முன்பு வேறு ஒரு மாத்திரை கொடுத்திருந்தோம். அதில் அவருக்கு மாதவிலக்கு நின்றுபோயிருக்கிறது. இது அந்த மாத்திரையில் நடக்கக்கூடியதுதான், ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானா கேட்பேன்? மாமியார் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று நினைத்து மூன்று மாதம் மாங்காயும் சாம்பலும் கொடுக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சிஸ்டர் திரைக்குப் பின்னால் அமுதாவைக் கேட்டு உண்மை தெரிந்தது. மாமியார் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்போதே திருந்தியிருக்க வேண்டும்.

குளோசபின் ஆரம்பித்து எட்டாவது வாரம் மாத்திரை கொடுக்கப் போனேன். மாமியார் வாசலில் நின்றார். முகமே வேறாக இருந்தது.

“நைனா, ஆறு வருசத்துல இன்னிக்கித்தான் எனக்குக் காப்பித்தண்ணி போட்டுக் குடுத்தா. சக்கர போட மறந்துட்டா. நான் ஒண்ணும் சொல்லாம குட்சிட்டேன்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அமுதாவின் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

“அண்ணா, ரேடியோல அந்தம்மா என்னத் திட்டல. சமையல் குறிப்புதான் சொல்லிக்கினு இருக்காங்க.”

அன்று அரிசி மண்டி மாடி ஏறும்வரை எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூணு கேள்விய கேட்டியா?” என்றார். “கேட்டேன்” என்றேன். கேட்கவில்லை.

பதினோராவது வாரம் சித்திரை மாதம். செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்க அமுதா வரவில்லை. யாராவது வராவிட்டால் நான் மொபெட்டில் போய்க் கூட்டி வருவது வழக்கம். பதினோரு மணிக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. படிக்கட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம்.

அந்தத் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் அம்மை. நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது. ஊசி, மாத்திரை கிடையாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை நோயாளி வாசல்படி தாண்டக்கூடாது. நானும் அதே பழக்கத்தில் வளர்ந்தவன். செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவிலேயே நின்றேன்.

மாமியார் வாசலுக்கு வந்தார்.

“ஆத்தா வந்துகீறா நைனா. ஞாயித்துக்கெழம சாயந்திரத்துலேர்ந்து ஜுரம். ரத்தம் கித்தம் எதுவும் வாணாம். மூணாந்தண்ணி ஊத்திட்டு நானே இட்டுக்கினு வரேன்.”

“சரிம்மா” என்றேன்.

ஜுரம் என்று அவரே சொல்கிறார். மூன்று கேள்வியில் முதல் கேள்விக்குப் பதில், நான் கேட்காமலே. ஆனால் அம்மை என்று சொன்னதும் அந்தச் சொல் என் மனசில் ஜுரத்துக்குக் காரணமாக உட்கார்ந்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்டால் மனுஷன் அதற்கு மேல் தேடுவதில்லை.

அதோடு விட்டேனா என்றால், இல்லை. இன்னொன்றும் செய்தேன். பையில் அடுத்த வார மாத்திரைப் பொட்டலம் இருந்தது. ரிப்போர்ட் வந்ததும் கொடுப்பதற்காக சிஸ்டர் கட்டிவைத்தது. மாத்திரை நின்றால் குரல்கள் திரும்பி வந்துவிடும், பஞ்சு மறுபடி காதுக்குப் போய்விடும் என்று பயந்தேன். பத்து வாரமும் ரிப்போர்ட் சரியாகத்தானே இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொட்டலத்தை நீட்டினேன்.

“அம்மை இருந்தாலும் இத மட்டும் நிறுத்தாதீங்கம்மா. ராத்திரிக்குக் கண்டிப்பா குடுங்க.”

அவர் வாங்கிக்கொண்டார். நான் திரும்பிவிட்டேன். நோட்டில் “அம்மை. மற்றபடி நலம்” என்று எழுதினேன். மாடியில் கூட்டம். சிஸ்டர் கேட்டபோது, “அம்மையாம் சிஸ்டர், அடுத்த வாரம் வராங்க” என்றேன். மாத்திரை கொடுத்ததைச் சொல்லவில்லை. அவரும் ஊசியும் கையுமாக இருந்தார்.

மறுநாள் காலை பஞ்சும் பிளாஸ்டரும் வாங்கப் புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் போனேன். அங்கே பழவேற்காட்டுக்காரர் ஒருவர் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பில்லைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“உங்க பேஷண்டு ஊட்டுக்காரன் பாபு இப்பதான் வந்துட்டுப் போறான். வாய்ப்புண்ணுக்குக் களிம்பு குடுன்றான். தண்ணிகூட முழுங்க முடியலயாம் அந்தப் பொண்ணுக்கு. அம்மைன்றான். எங்கடா முத்து போட்டிருக்குதுன்னு கேட்டா, ஒடம்புல ஒண்ணுமே இல்ல, உள்ளம்மைன்றான். இன்னாய்யா இது, நான் இத்தினி வருசமா கேள்விப்படாத அம்மையா கீது?”

ஜுரம். தொண்டை. வாய்ப்புண். மூன்றும் ஒரு மருந்துக்கடைக்காரர் வாயிலிருந்து வரிசையாக வந்து நின்றன.

“இன்னா, மூஞ்சி இப்டிப் பூடுச்சு?” என்றார் பாய்.

பக்கத்திலேயே எஸ்டிடி பூத். சிஸ்டருக்குப் போன் போட வேண்டும். எண்ணை அழுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஆனால் நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜுரத்தை மட்டும் சொல்லலாம். மாத்திரை கொடுத்ததைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் ஒருநாள் நீங்களும் நிற்பீர்கள். அப்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். அந்தப் பக்கம் போனை எடுப்பவர் முடிவு செய்ய வேண்டியவர். அவருக்குப் பாதி உண்மையைக் கொடுத்தால் பாதி முடிவுதான் எடுப்பார்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவ வாய நீ பாத்தியா?” என்றார் சிஸ்டர்.

“பாக்கல.”

“அவளயாவது பாத்தியா?”

“இல்ல சிஸ்டர். வாசல்லயே நின்னுட்டேன்.”

“மாத்திர?”

“குடுத்துட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“வண்டிய எடுத்துக்கினு வா. என்ன ஏத்திக்க” என்றார்.

பன்னிரண்டு மணிக்குள் அந்த வீட்டு வாசலில் இருந்தோம். சிஸ்டர் செருப்பைத் தெருவிலேயே விட்டார். படியருகே வாளியில் இருந்த மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டார். “உள்ள வரலாமாம்மா?” என்று கேட்டார். மாமியார் பதில் சொல்லும் முன்பே உள்ளே போய்விட்டார். நானும் காலைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த வீட்டுக்குள் நான் வைத்த முதல் அடி அது.

அமுதா ஜன்னலோரம் பாயில் வேப்பிலைமேல் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. சிஸ்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புண். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்து நின்றார்.

“இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே.”

பாபு அம்மாவைப் பார்த்தான். மாமியார் கதவை மறித்து நின்றார்.

“மூணாந்தண்ணி ஊத்தாம எப்டி வாசப்படி தாண்டுவா? ஆத்தாவுக்குக் கோவம் வந்தா நீ வந்து நிப்பியா? ஒங்க டாக்டரு வந்து நிப்பாரா?”

“அம்மா, உயிருக்கு...” என்று ஆரம்பித்தார் சிஸ்டர்.

“அத்தான் நானும் சொல்றேன். உயிருதான்! ஆறு வருசம் சீக்காளியா வச்சிக் காப்பாத்தினவ நான். நீங்கல்லாம் செவ்வாக்கெழமக்கி வரவங்க.”

பாபு முணுமுணுத்தான். “அம்மா சொல்றத மீறிட்டு நாளைக்கி ஒண்ணு ஆயிடுச்சின்னா...”

சிஸ்டர் கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

“அம்மா, தப்பு என்னுது. நேத்தே நான் உள்ள வந்து பாத்திருக்கணும். பாக்காம மாத்திரயக் குடுத்துட்டுப் போய்ட்டேன். உங்களுக்கு அம்மையப் பத்தி என்னவிடத் தெரியும். எத்தினியோ பேருக்குத் தண்ணி ஊத்திருப்பீங்க. நீங்களே பாத்து சொல்லுங்க. முத்து எங்க இருக்குது? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நாங்க போய்டறோம்.”

அவர் என்னை முறைத்தார். பிறகு பாயருகே உட்கார்ந்தார். எங்களைத் திரும்பச் சொன்னார். நானும் பாபுவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். புடவை விலக்கும் சத்தம் கேட்டது. முதுகு, வயிறு, தொடை என்று ஒவ்வோர் இடமாக அவர் பார்ப்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். நியாயமாகப் பார்த்தார்.

“இல்லியே” என்றார் கடைசியில். “ஒண்ணுகூட இல்லியே.”

எழுந்து வாசலுக்குப் போனார். செருகியிருந்த வேப்பிலையில் ஒரு கொத்தை உருவி வந்து அமுதாவின் இடுப்பில் செருகினார்.

“ஆத்தாவும் கூடவே வரட்டும். தூக்குடா பாபு.”

சிஸ்டர் அந்தக் கொத்து விழாமல் அமுதாவின் புடவையைச் சரிசெய்தார். எப்போது பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

ரயிலில் போகலாமா என்று பாபு கேட்டான். “வாணாம். அந்தக் கூட்டத்துல எத்தினி பேரு இருமுவான். இவளுக்கு ஒரு இருமல்கூட ஆவாது” என்றார் சிஸ்டர். பக்கத்து வீட்டுக்காரரின் வேன் கிடைத்தது. வேனில் ஏற்றும் முன் சிஸ்டர் ரத்தம் எடுத்தார். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேன் சென்னைக்குப் போனது. நான் ரத்தக் குழாயை எடுத்துக்கொண்டு கடைத்தெரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மறுபடி பார்த்தார். புதிதாக ஒரு சொட்டு வைத்து மூன்றாவது முறையும் பார்த்தார்.

“அண்ணே, வெள்ளை அணு நாலாயிரத்துக்கு மேல இருக்கணும். ஆயிரத்தக்கூடத் தொடல. இவங்க உயிரோடதான கீறாங்க?”

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாலையாகிவிட்டது. அமுதாவைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். வெளியே மருத்துவர் பாபுவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக அந்த மாத்திரையை எப்போது போட்டார்?

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். செவ்வாய் ராத்திரி, நான் கொடுத்த பொட்டலத்திலிருந்து என்று பாபு சொல்லப்போகிறான்.

“சனிக்கெழம ராத்திரி சார்.”

“அப்புறம் போடலயா?”

“அம்மா தரல சார். அம்மை இருக்கசொல்ல மாத்திர ஆவாதுன்னு சாமி படத்துக்கிட்ட வச்சிட்டாங்க.”

“நல்லதாப் போச்சு” என்றார் மருத்துவர்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என்னை வாசலில் நிறுத்திய அதே வழக்கம்தான் என் மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறது. படிக்காத அந்த அம்மாள் வேறு காரணத்துக்காகச் சரியானதைச் செய்தார். எல்லாம் தெரிந்த நான் நல்ல எண்ணத்தோடு தப்பானதைச் செய்தேன். வீட்டுப் பெரியவர்களை மட்டமாகப் பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் ஆனது. நாலு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். ஐந்தாம் நாள் ஜுரம் இறங்கியது. வெள்ளை அணு மெல்ல மெல்ல ஏறியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் குளோசபினை இனி அவருக்கு எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாது. அவரைத் தேற்றிய ஒரே மாத்திரை அதுதான்.

ஜுரம் இறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை என் நோட்டை எடுத்துவைத்துப் படித்தேன். ஆண்கள் பக்கம்: “லேசான ஜுரம், இரண்டு நாள்”, “பல் வலி”, “தொண்டைக் கரகரப்பு, பீடி.” பெண்கள் பக்கம்: நலம், நலம், நலம். பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் நலம். யாருக்குக் கொஞ்சம் அதிகமாக ஆபத்து என்று எனக்குச் சொல்லியிருந்தார்களோ, அவர்களைப் பற்றித்தான் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

“சார், பொம்பளைன்றதாலதான் அவங்களுக்கு இது வந்துச்சா?” என்று கேட்டேன்.

“பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமா வருதுன்னு பார்த்திருக்காங்க. அதனாலதான் இந்தப் பொண்ணுக்கு வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி பேசக்கூடாது. ஆனா லேட்டா தெரிஞ்சதுக்குக் காரணம் தெரியும்.” நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார். “ரத்தம் எடுத்த அன்னிக்கு என்ன இருந்ததுன்னுதான் ரத்தம் சொல்லும். அடுத்த ஆறு நாள் அவங்கதான் சொல்லணும். நீங்கதான் கேக்கணும். ஃபார்ம்ல ஒரு கேள்வி சேர்க்கலாம். என்ன கேள்வின்னு நீங்களே யோசிச்சிட்டு வாங்க.”

என்ன கேள்வி என்று எனக்குப் பல மாதம் தோன்றவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் அமுதா மாத்திரை வாங்க வந்தார். வேறு மாத்திரை. குரல்கள் திரும்பியிருந்தன, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. ஒரு காதில் மட்டும் பஞ்சு இருந்தது. மாமியார் கீழே மண்டியில் அரிசி விலை கேட்டுக்கொண்டிருந்தார். படியில் என்னைப் பார்த்து அமுதா நின்றார்.

“அண்ணா, அன்னிக்கு செவ்வாக்கெழம வந்தீங்களே.”

“ஆமாம்மா.”

“ஜன்னலாண்டதான் படுத்திருந்தேன். உங்க சட்ட தெரிஞ்சுது. கூப்ட்டேன். தொண்டையில சத்தமே வரல. ரெண்டு தபா கூப்ட்டேன். நீங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டீங்க.”

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

“நான் உள்ள வந்திருக்கணும்மா” என்றேன்.

“ஆமா” என்றார். மேலே ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தக் கேள்வியை எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. உங்கள் ஃபார்மில் கடைசியாக இருப்பது அதுதான். ஊமையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்ட தங்கைக்கு என் பதில்: உள்ளே போய் வாயைப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே போங்கள். நான் பிறகு அப்படித்தான் போனேன்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை வரிசையில் ஒரு அம்மாள் நிற்பார். அவர் சாப்பிடும் மாத்திரைக்கு வாயைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் உங்கள் மேஜைக்கு வந்ததும், நீங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே, “ஆ” என்று வாயைத் திறந்து காட்டுவார். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதை நான் கவனித்திருக்கிறேன். அவர்தான் அமுதா. அடுத்த முறை டார்ச்சை எடுத்து, நன்றாகப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லக்கா” என்று சொல்லி அனுப்புங்கள்.